பதக்கங்களை எண்ணாதீர்கள், நாற்காலிகளை எண்ணுங்கள்

பட்டமளிப்பு விழா நடந்த மறுநாள் காலை செய்தித்தாளைப் பிரித்தால் அந்தத் தலைப்பு இருக்கும்: "தங்கப் பதக்கங்களை அள்ளிய மாணவிகள்." கறுப்பு அங்கிக்குள் பட்டுப்புடவை தெரிய, கழுத்தில் பதக்கத்தோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் படத்தை இருபது முறையாவது பார்த்திருப்பேன். சக ஆசிரியர் யாராவது அதை என் மேசையில் கொண்டுவந்து போட்டு, "இனிமே என்ன மேடம், எல்லாத்துலயும் நீங்கதானே!" என்று சொல்லாத வருடமும் கிடையாது.

அந்தப் பெண்ணின் சிரிப்பின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அது அவள் உழைத்து வாங்கியது. என் சண்டையெல்லாம் அந்தத் தலைப்போடுதான். பெண்களுக்குக் கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டோம், கணக்கு தீர்ந்தது என்பதற்கான ரசீதாக அதை நீட்டுகிறார்கள். பதக்கம் மாணவியின் மதிப்பெண். பல்கலைக்கழகத்தின் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் மேடையில் போட்டிருக்கும் நாற்காலிகளைப் பார்க்க வேண்டும்.

பாருங்கள். வேந்தர், துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள், புல முதல்வர்கள். வாத்திய இசையோடு இரண்டிரண்டு பேராக ஊர்வலம் வந்து அமர்கிறார்கள். அவர்களில் பெண்களை எண்ண ஒரு கையின் விரல்கள் போதும், பல நேரம் அதிலும் மிச்சம் இருக்கும். நாட்டின் முதல் ஐஐடி கரக்பூரில் 1951-இல் தொடங்கியது. ஓர் ஐஐடி வளாகத்தின் தலைமைப் பொறுப்பில் முதன்முதலாக ஒரு பெண் உட்கார்ந்தது 2023-இல். பிரீத்தி அகலாயம் பொறுப்பேற்ற அந்த வளாகம் இருப்பது ஆப்பிரிக்காவில், ஜான்சிபார் தீவில். 72 ஆண்டுகள் காத்திருந்து, கடல் தாண்டிப் போய் ஒரு நாற்காலி.

அப்படியானால் விழாவில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? வாசலில் இருக்கிறார்கள். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டு, ரோஜாப்பூ. அந்த மேசைக்குப் பின்னால் புடவை கட்டி நிற்பது ஆராய்ச்சி மாணவியாக இருப்பாள்; இல்லையென்றால் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன உதவிப் பேராசிரியை. மேடைக்கு வந்தால் பதக்கங்கள் அடுக்கிய தாம்பாளத்தை ஏந்தி நிற்பவளும் பெண்தான். தமிழ்த்தாய் வாழ்த்து பாடுபவளும், ஒலிபெருக்கியில் பெயர்களை வாசிப்பவளும் பெண்தான். வரவேற்புக் குழு என்று சுற்றறிக்கை வந்தால் பெயர்களைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம், அத்தனையும் பெண்கள். நிதிக் குழு, கொள்முதல் குழு, பணி நியமனக் குழு என்று வந்தாலும் படிக்காமலேயே சொல்லிவிடலாம்.

பட்டச் சான்றிதழுக்கும் ஒரு கதை உண்டு. பெண்களுக்குப் பொறியியல் கற்றுக்கொடுத்த கல்லூரிகளின் வரலாறு பேசும்போதெல்லாம் அய்யலசோமயாஜுல லலிதாவின் பெயரைச் சொல்வார்கள். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் சேர்ந்தார். அவர் பட்டம் பெற்றபோது சான்றிதழ் ஆண்களை மனதில் வைத்தே அச்சிடப்பட்டிருந்தது. அதில் 'அவன்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மகளிர் தின மேடைகளில் இதை ஒரு சுவையான நிகழ்ச்சியாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். எனக்கோ அந்தப் பேனாக்கோடுதான் கண்ணை உறுத்துகிறது. லலிதாவின் தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். உள்ளே இருந்த ஓர் அப்பா, முதல்வரிடம் பேசி, அனுமதி வாங்கி, மகளுக்குக் கதவைத் திறந்தார். அப்படி ஓர் அப்பா இல்லாத பெண்களுக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. அடுத்து வந்த லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் கட்டடப் பொறியியல் படித்தார்கள். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா பக்ரா நங்கல் அணைக்கான மின்னாக்கிகள் தொடர்பான வேலையில் ஈடுபட்டார். இவர்களால் முடியாது என்று யாரும் நிரூபிக்கவில்லை. வருவார்கள் என்று யாரும் நினைத்துப் படிவம் அச்சிடவில்லை, அவ்வளவுதான்.

அடித்து எழுதிய சான்றிதழ்கூடக் கிடைக்காதவர்களும் உண்டு. வானிலை அளவீட்டுக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்த அன்னா மணி, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்தவர். தனி ஆளாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதி, 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். பிறகு அவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை போனார். முனைவர் பட்டம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

அன்றைக்குக் கதவு சான்றிதழிலேயே அடைக்கப்பட்டது. இன்றைக்குச் சான்றிதழைத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். கதவைச் சற்றுத் தள்ளி, அதற்கு அப்பால் மாட்டிவிட்டார்கள். பதக்கம் வாங்கும் பெண் அந்தக் கதவில் முட்டிக்கொள்ளும்போது பார்க்க அங்கே புகைப்படக்காரர் யாரும் இருப்பதில்லை.

மாணவிகள் ஏன் இத்தனை பதக்கம் வாங்குகிறார்கள் என்று என் துறையில் பேச்சு வரும். "பொண்ணுங்க ஒழுங்கா படிப்பாங்க மேடம், பசங்கதான் சுத்துவாங்க" என்பார்கள். இந்த 'ஒழுங்கு' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நான் பார்த்த பெரும்பாலான கல்லூரிகளில் பெண்கள் விடுதியின் கதவு மாலை ஆறரைக்கு, மிஞ்சினால் எட்டு மணிக்கு மூடும். ஆண்கள் விடுதிக்கும் நேரம் உண்டு, காகிதத்தில். பாஜா போட்டிக்கு வண்டி கட்டும் குழு வொர்க்ஷாப்பில் இரவு இரண்டு மணிவரை வெல்டிங் செய்கிறது. ரோபோட்டிக்ஸ் குழுவின் சர்க்யூட் நள்ளிரவில்தான் வேலை செய்யத் தொடங்கும். ஹேக்கத்தான் என்றால் விடிய விடிய. சீனியரோடு டீக்கடையில் உட்கார்ந்து எந்தக் கம்பெனி என்ன கேட்கும் என்று தெரிந்துகொள்வதும் ராத்திரிதான். இவை அத்தனையும் நடக்கும்போது என் மாணவி அறைக்குள் இருக்கிறாள். அங்கே அவளுக்குக் கிடைப்பது பாடப்புத்தகமும் பழைய கேள்வித்தாள்களும். பூட்டிய அறைக்குள் இருந்துகொண்டே ஜெயிக்கக்கூடிய ஒரே போட்டி செமஸ்டர் தேர்வு. அதில் அவள் ஜெயிக்கிறாள்.

பிறகு வளாக நேர்காணலுக்கு வரும் கம்பெனி, "ப்ராஜெக்ட் என்ன செய்தாய்? எந்தப் போட்டியில் கலந்துகொண்டாய்? குழுவை நடத்திய அனுபவம் உண்டா?" என்று கேட்கிறது. ஆறரை மணிக்குப் பூட்டிய அதே கல்லூரி, "நம்ம பொண்ணுங்களுக்கு மார்க் இருக்கு, எக்ஸ்போஷர் பத்தல" என்று சலித்துக்கொள்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபத்தில் கை நடுங்குகிறது.

பாதுகாப்பு என்பார்கள். 2024 டிசம்பரில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். புகார் கொடுத்தவரின் அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த நாட்களில் என் மாணவிகளின் வீடுகளிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள் எல்லாம் ஒன்றையே சொல்லின: அவளை வெளியே விடாதீர்கள். குற்றம் செய்தவனுக்கு வளாகம் திறந்திருந்தது. அதற்குத் தண்டனையாக வளாகத்தை மூட வேண்டியது மாணவிக்கு! விளக்குப் போடுங்கள், ரோந்து விடுங்கள், இரவுப் பேருந்து விடுங்கள், புகார்க் குழுவை உயிரோடு வையுங்கள் என்றால் செலவு ஆகும். பூட்டுக்கு ஆகும் செலவு குறைவு.

இனி விழா அரங்கில் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளுக்கு வருகிறேன். படிப்பு முடிந்து ஓராண்டு, சில சமயம் அதற்கும் மேல் கழித்துத்தான் நம்மூரில் பட்டமளிப்பு விழா நடக்கிறது. யார் நேரில் வருகிறார்கள், யாருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று பட்டியல் எடுக்கும் வேலை பல வருடங்கள் என்னிடம் இருந்தது. வராத ஆண்கள் காரணம் சொல்வார்கள்: "லீவு கிடைக்கல மேடம்", "ஜெர்மனியில இருக்கேன் மேடம்." வராத பெண்களில் பலருடைய காரணத்தை வேறு யாராவது சொன்னார்கள். "அவளுக்கு இது ஏழாம் மாசம்." "மருமகளை அவ்வளவு தூரம் தனியா அனுப்ப முடியாதுங்க." "சர்ட்டிபிகேட்டைத் தபால்ல போட்டுடுங்க, வரன் வீட்டுல கேட்கிறாங்க." துறையில் முதலிடம் வாங்கிய ஒரு பெண்ணைப் பற்றி அவளுடைய மாமனார் என்னிடம் கேட்டது இதுதான்: "அதை வாங்கி இனிமே என்ன செய்யப் போறா?" எந்தச் செய்தித்தாளும் அந்தக் காலி நாற்காலியைப் படம் எடுக்கவில்லை.

"பெண்கள் தாங்களாகவேதானே விலகுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் எழுந்து நிற்பார்கள். விலகும்வரை அவளுக்கு என்ன வழிகள் இருந்தன என்று அவர்கள் கேட்பதே இல்லை. இந்தியாவில் பொறியியல் இளநிலைப் படிப்பில் பத்தில் ஏறத்தாழ மூன்று பேர்தான் பெண்கள். ஐஐடிகளில் அதைவிட மோசமாக இருந்ததால் 2018 முதல் மாணவிகளுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கினார்கள். ஆண்களின் இடத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் நுழைவுத்தேர்வு எழுதி உள்ளே வந்த பெண்ணைக் 'கோட்டா' என்று கிண்டல் செய்யும் பையன்கள் இருக்கிறார்கள். இயந்திரவியல் கேட்டவளை "பொண்ணுக்கு எதுக்கும்மா மெக்கானிக்கல்" என்று கணினிப் பிரிவில் சேர்த்துவிடுவது கலந்தாய்வு நாளிலேயே நடக்கிறது. தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் பெண்களைத் தடைசெய்த சட்டப்பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் என் கல்லூரிக்கு ஆளெடுக்க வந்த ஓர் உற்பத்தி நிறுவனம் "பசங்க மட்டும் போதும் சார்" என்றது. காரணம் கேட்டேன். அந்தப் பிரிவில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டவில்லையாம். கழிப்பறை இல்லாததற்குப் பெயர் 'பெண்களின் விருப்பம்'!

இத்தனைக்கும் பிறகு சிறப்பு விருந்தினர் எழுந்து பேசுவார். செயற்கை நுண்ணறிவு, தொழில் முனைவு, நாட்டின் வளர்ச்சி என்று பொதுவாகப் போய்க்கொண்டிருக்கும் பேச்சு, முடியப்போகும்போது பெண்கள் பக்கம் திரும்பும். "மாணவிகள் வேலையையும் குடும்பத்தையும் இரு கண்களாகப் பாவிக்க வேண்டும்." அரங்கில் அவர்களோடு நூற்றுக்கணக்கான ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளைக்குக் கணவர்கள், அப்பாக்கள் ஆகப்போகிறவர்கள். அவர்களைப் பார்த்துச் சோறு வடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நீங்களும் லீவு போடுங்கள் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு ஒரு கண் போதும் போல.

அரங்கின் பின்வரிசையில் இன்னொருத்தியும் இருக்கிறாள். முதல் பட்டதாரியின் அம்மா. அழைப்பிதழோடு வந்த இரண்டு அனுமதிச் சீட்டில் ஒன்று அவளுடையது. மகள் பெயரை வாசிக்கும்போது அது தன் மகள்தானா என்று பக்கத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு கைதட்டுகிறாள். நூறுநாள் வேலைக்குப் போய், சீட்டுக் கட்டி, கம்மலை அடகு வைத்துப் படிக்கவைத்தவள். அவள் கைதட்டுவது மகள் சம்பாதிக்கப் போகிறாள், தன்னைப் போல் கையேந்த மாட்டாள் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கைக்குப் பல்கலைக்கழகம் பதில் சொல்ல வேண்டும். பதக்கத்தைக் காட்டி அவளை ஏமாற்றக் கூடாது.

என்ன செய்யலாம் என்று கேட்டால் பட்டியல் கையிலேயே இருக்கிறது. விழா அறிக்கையில் பதக்க எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பெண் பேராசிரியர்கள் எத்தனை, ஆட்சிக்குழுவில் எத்தனை என்று அச்சிடுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் பட்டம் வாங்கிய பெண்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து வாசியுங்கள். படிப்பு முடிந்த சில மாதங்களுக்குள் விழாவை நடத்துங்கள். வொர்க்ஷாப்பையும் நூலகத்தையும் இரவில் பெண்களுக்கும் திறந்துவிட்டு, விடுதிவரை வண்டி விடுங்கள். பன்னீர்ச் செம்பை இரண்டு பையன்களிடம் கொடுங்கள். அவர்களுக்கும் நன்றாகவே தெளிக்க வரும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பெயரை வாசிக்கும்போது நிமிர்ந்து நடந்து போய்ப் பட்டத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அது யாரும் போட்ட பிச்சை இல்லை. வாங்கிவிட்டுத் திரும்பும்முன் மேடையில் இருக்கும் நாற்காலிகளை ஒருமுறை எண்ணுங்கள். அந்த எண்ணைப் பக்கத்தில் இருக்கும் தோழியிடம் சொல்லுங்கள். விடுதி நேரத்துக்கு மனு எழுதும்போதும், நேர்காணலில் "கல்யாணம் எப்போ?" என்று கேட்கும்போதும், வீட்டில் "இனிமே என்ன செய்யப் போறே?" என்று கேட்கும்போதும் அந்த எண் நினைவில் இருக்கட்டும்.