சிஜில்மாசாவை வீழ்த்தியது யார்?

மொரோக்கோவின் தென்கிழக்கில், அட்லஸ் மலையிலிருந்து இறங்கி வரும் ஸீஸ் ஆறு சகாரா மணலை எட்டும் இடத்தில் தஃபிலால்த் என்ற பாலைவனச் சோலை இருக்கிறது. அங்குள்ள ரிசானி என்ற சிற்றூரை ஒட்டிச் சில மண்சுவர்கள் இடிந்து நிற்கின்றன. 757 வாக்கில் பெர்பர் மக்கள் நிறுவிய சிஜில்மாசாவில் கண்ணுக்குத் தெரிய மிஞ்சியது அவ்வளவுதான். மேற்கு ஆப்பிரிக்கத் தங்கம் வடக்கே ஏற, சுமார் 600 ஆண்டுகள் அந்நகரம் தலைவாசலாக இருந்தது.

இத்தகைய நகரங்கள் அழிந்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு: போர்த்துகீசியக் கப்பல் வந்தது, ஒட்டகம் தோற்றது. சிஜில்மாசாவுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஆர்கின் தீவை எட்டியதே 1443இல்தான். நகரம் சிதைந்ததோ 1393ஐ ஒட்டி.

அதன் செல்வம் இரண்டு கால்களில் நின்றது. ஒன்று ஆற்று நீர். அந்த நீரில்தான் பேரீச்சைத் தோப்பும் அதன் நிழலில் பழமரங்களும் தானியமும் விளைந்தன. இரண்டு மாதப் பாலைப் பயணத்துக்குப் புறப்படும் வணிகக் கூட்டத்துக்குச் சோறு போட்டது அந்த விளைச்சல். இன்னொன்று கொடுக்கல் வாங்கலில் இருந்த நம்பிக்கை. பாலைவனத்தின் மறுகரையில் இருந்த ஔதகோஸ்து நகர வணிகர் ஒருவர் சிஜில்மாசாக்காரருக்கு 42,000 தீனார் கடன்பட்டிருந்ததற்கான பத்திரத்தைப் பார்த்ததாக, 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல் எழுதினார். கிழக்கே எங்கும் இவ்வளவு பெரிய தொகையைக் கேள்விப்பட்டதில்லை என்பது அவர் வியப்பு. 1352இல் மாலி நோக்கிப் புறப்பட்ட இப்னு பதூதா, ஒட்டகம் வாங்கித் தீனி போட்டுத் தேற்றியபடி இங்கே நான்கு மாதம் தங்கினார். அவருக்கு இடம் கொடுத்தவரின் உடன்பிறந்தவரை அவர் முன்பே சீனாவில் சந்தித்திருந்தார். அங்கிருந்து 25 நாள் நடந்து அவர் சேர்ந்த தகாஸாவில் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன. கூரை ஒட்டகத் தோல். அந்த உப்புதான் தெற்கே போய்ப் பொன்னாகத் திரும்பியது.

பொன் வரும் வாசலை எந்த அரசுதான் விட்டுவைக்கும்? 909இல் இங்கே சிறையிலிருந்து மீட்கப்பட்டவரே பாத்திமிய வம்சத்தின் முதல் கலீஃபா ஆனார். பிறகு பாத்திமியரும் கோர்தோபாவின் உமையாக்களும் இந்நகருக்காக மோதினார்கள். 11ஆம் நூற்றாண்டின் நடுவில் அல்மொராவியர் இதைப் பிடித்து, இங்கே அச்சிட்ட பொன் தீனாரைக் கொண்டு பேரரசு வளர்த்தார்கள். அந்தச் சாம்ராஜ்யக் காலங்களில் நகரம் வாடவில்லை, கொழித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அப்போதிருந்து அரண்மனைச் சண்டைகள் ஊர்ச் சண்டைகளாயின. பின்னாளில் மொரோக்கோவை ஆண்ட மரீனிய வம்சத்தில், தந்தையை எதிர்த்த இளவரசர் அபூ அலி சிஜில்மாசாவைத் தன் தளமாக்கினார். அவருடைய சகோதரர் சுல்தான் அபுல் ஹசன் 1333இல் படையெடுத்து வந்து அவரை ஒழித்தார். மரீனியர் பிடி தளர்ந்ததும் மக்களே ஆளுநரைக் கொன்று, மதிலை இடித்து, சோலையெங்கும் சிதறிய கோட்டைக் கிராமங்களில் குடியேறினார்கள் என்கிறார் 16ஆம் நூற்றாண்டில் அங்கே போன லியோ ஆப்பிரிக்கானஸ். அவர் பார்த்தபோது அந்தக் கிராமங்களில் வணிகர்கள் இருந்தார்கள், வணிகமும் நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் இதே சோலையிலிருந்து எழுந்த அலவி வம்சம்தான் இன்றும் மொரோக்கோவை ஆள்கிறது.

ஆக, வாணிபம் கைவிட்டதால் நகரம் சாகவில்லை. பேரரசுகளின் கருவூலமாக இருப்பதற்குக் கொடுத்த விலை பொறுக்க முடியாமல், அதன் மக்களே அதைக் கலைத்தார்கள். நீரும் நம்பிக்கையும் இருந்ததால் மதில் இல்லாமலும் பிழைத்துக்கொண்டார்கள்.

இப்போது ஆட்டம் காண்பது அந்த நீர். 1965 வெள்ளத்துக்குப் பின் ஸீஸ் ஆற்றின் குறுக்கே 1971இல் அணை எழுந்தது. வெள்ள அபாயம் குறைந்தது. தோப்புக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்யும் நிலையும் வந்தது. வறட்சியும், பேரீச்சையைக் காயவைக்கும் பயூத் என்ற பூஞ்சை நோயும் சேர்ந்துகொண்டன. மதிலை இடித்துவிட்டுப் பக்கத்துக் கிராமத்தில் குடியேறும் வழி 1393இல் இருந்தது. நீர் தவறினால், போவதற்குப் பக்கத்தில் கிராமமே இருக்காது.