மேலேறி நின்ற டபிள்யூ

இறுதித் திருப்பத்தை நம்பி எழுதப்பட்ட கதைகள் இலக்கியமாகா என்று ஓர் இதழ் அண்மையில் தீர்ப்பு வழங்கியிருக்கிறது. அவை வெறும் கைவித்தையாம். ஒருமுறை வாசித்ததும் தீர்ந்துபோகுமாம். சான்றுக்கு அந்தக் கட்டுரை எடுத்துக்கொண்டது ஓ. ஹென்றியின் ‘ஸ்பிரிங்டைம் அ லா கார்ட்’. வசந்தம், காதல், தற்செயல், சுபம் என்று நான்கே சொற்களில் கதையை முடித்துவிட்டுக் கட்டுரையாளர் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். கதையைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிய தீர்ப்பாக அது தெரியவில்லை.

கதையில் இருப்பது முதலில் ஒரு கூலி ஒப்பந்தம். நாயகி சாரா நியூயார்க்கில் உதிரியாகத் தட்டச்சு வேலை செய்து பிழைப்பவள். சுருக்கெழுத்து தெரியாததால் அலுவலகங்களில் இடமில்லை. அவள் குடியிருக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஷூலன்பெர்க்கின் உணவகம். அங்கே 40 சென்ட்டுக்கு ஐந்து வகையோடு இரவுச் சாப்பாடு. அந்த உணவகத்தின் கையெழுத்துப் பட்டியல் எந்த மொழி என்றே பிடிபடாத கிறுக்கல். அதைச் சாரா ஒழுங்காகத் தட்டச்சு செய்து மறுநாள் கொண்டுபோய்க் காட்டுகிறாள். பேச்சு உடனே முடிகிறது. 21 மேசைகளுக்கும் நாள்தோறும் இரவு உணவுப் பட்டியல், காலைக்கும் மதியத்துக்கும் வகைகள் மாறும்போதெல்லாம் புதுப் பட்டியல்; பதிலுக்கு மூன்று வேளைச் சாப்பாடு அவள் அறைக்கு வந்து சேரும். காதல் என்ற பேச்சே எழாத கட்டத்தில் ஆசிரியர் இந்த ஷரத்துகளை ஒவ்வொன்றாக எழுதுகிறார். குளிர்காலத்தில் ஒரு பெண் பட்டினி கிடக்காமல் தப்பிய விதத்தை நாம் முதலில் அறிய வேண்டும் என்பது அவர் விருப்பம்.

காதல் பிறகுதான் வருகிறது. முந்தைய கோடையில் கிராமத்துக்குப் போன இடத்தில் வால்ட்டர் என்ற இளம் விவசாயியோடு அவளுக்கு நேசம். அவன் டான்டெலியன் பூக்களைக் கோத்து அவள் தலையில் சூட்டினான். வசந்தம் வந்ததும் திருமணம் என்று முடிவு. இப்போது மார்ச். இரண்டு வாரமாகக் கடிதமில்லை. மறுநாள் பட்டியலுக்கான பென்சில் குறிப்பில், அவித்த முட்டையோடு டான்டெலியன் கீரை என்று இருக்கிறது. அவள் அழுகிறாள். அழுது முடித்துத் தட்டச்சைத் தொடர்கிறாள். அன்றிரவு வால்ட்டர் வாசலில் வந்து நிற்கிறான்.

தற்செயல் என்பதே பெரிய குற்றச்சாட்டு. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உணவகத்தில் தான் பார்த்த பட்டியலில் ஆங்கிலப் பெரிய எழுத்து டபிள்யூ வரிக்கு மேலே ஏறி நின்றது என்கிறான் வால்ட்டர். அந்தக் கோணல் எழுத்தை உலகின் எந்த மூலையிலும் தனக்கு அடையாளம் தெரியும் என்கிறான். டான்டெலியனில் டபிள்யூ கிடையாதே என்று சாரா வியக்கிறாள். அவன் பையிலிருந்து அட்டையை எடுக்கிறான். மூலையில் கண்ணீர்க் கறை. கீரையின் பெயர் இருக்க வேண்டிய வரியில் அவள் விரல்கள் அவனுடைய பெயரை, அன்பான விளியோடு, அடித்திருக்கின்றன. முட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

அட்டைகள் 21. கண்ணீர் பட்ட அந்த ஒன்று வேறு மேசைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டுரையாளர் இதைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். எல்லா அட்டைகளையும் அடித்தது அதே இயந்திரம். பழுதான எழுத்து இருபத்தோர் அட்டைகளிலும் ஏதாவது ஒரு வரியில் மேலேறி நின்றிருக்கும். எந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் வால்ட்டர் அவளைக் கண்டுபிடித்திருப்பான். கதை தன் முடிச்சை இரண்டு இடங்களில் கட்டியிருக்கிறது: ஒன்று இயந்திரத்தின் பழுது, மற்றது விரலின் பிழை. முடிச்சு அவிழ முதலாவதே போதும். அப்படியானால் அவன் பெயர் அங்கே எதற்கு வருகிறது? சந்திப்பு எப்படி நடந்தது என்பதை இயந்திரம் சொல்லிவிடுகிறது. அவள் எந்த நிலையில் இருந்தாள் என்பதைச் சொல்ல அந்தப் பெயர் தேவைப்படுகிறது.

அவன் கண் அந்த வரிக்குப் போனதும் தானாக நேர்ந்ததில்லை. குளிர்காலம் கழிந்த பருவத்தில் விவசாயி பச்சைக் கீரை தேடுகிறான்; முட்டைக்கோஸுக்குக் கீழே தேடுகிறான். அவன் அந்த உணவகத்துக்குள் நுழைந்தது மட்டுமே எஞ்சியிருக்கும் தற்செயல். மிட்டிஸைக் கொன்றவன் மேலேயே மிட்டிஸின் சிலை விழுந்ததை ஏற்றுக்கொண்ட அரிஸ்டாட்டிலின் கவிதையியல் இதையும் ஏற்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கதையில் திட்டமிட்டுச் செய்யப்பட்ட எதுவும் பலிப்பதில்லை. வால்ட்டர் வந்து ஒரு வாரமாகிறது. பழைய முகவரியில் அவள் இல்லை. காவல்துறையை வைத்துத் தேடியும் பயனில்லை. சாரா எழுதிய கடிதம் அவனுக்குப் போய்ச் சேரவேயில்லை. யாருக்கென்றும் எழுதப்படாத சாப்பாட்டு அட்டைதான் போய்ச் சேருகிறது. அந்த நகரத்தில் அவளுக்கென்று பதிவான முகவரி எதுவுமில்லை. அவள் செய்த வேலை மட்டும் அவள் கைத்தடத்தோடு வெளியே உலவிக்கொண்டிருந்தது. இதைக் கைவித்தை என்று தள்ளிவிட முடியாது.

ரஷ்ய உருவவாதி போரிஸ் ஐகன்பாம் 1925இல் ஓ. ஹென்றியைப் பற்றி எழுதிய கட்டுரையை வாசித்தவர்கள் இந்த விவாதத்தை இவ்வளவு தாழ்வான இடத்திலிருந்து தொடங்கமாட்டார்கள். உத்தி தன்னைத் தானே வெளிக்காட்டிக்கொள்ளும் கலை என்று உருவவாதிகள் பேசியதற்கு இந்தக் கதையே போதும். மார்ச் மாதத்தில் ஒரு நாள் என்று தொடங்கிவிட்டு, இப்படி ஒருபோதும் கதையைத் தொடங்காதீர்கள் என்கிறார் ஓ. ஹென்றி. பாதியில் பின்னோக்கிப் போய்க்கொண்டே, பின்னோக்கிப் போவது கலைக்குக் கேடு என்கிறார். கொல்லைச் சுவரில் சண்டையிடும் பூனைகள் முக்டெனை நோக்கிப் பின்வாங்குகின்றன. 1905 மார்ச்சில் ரஷ்யப் படை தோற்றுப் பின்வாங்கிய அதே முக்டென். வாரம் ஒரு கதை, கதைக்கு 100 டாலர் என்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழுக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. சூத்திரக் கதையின் தந்தை என்று தூற்றப்படுபவர் சூத்திரத்தைக் கதைக்குள்ளேயே பிரித்துப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

சிற்றிதழ்க்காரர்களுக்கு அவர் அந்நியரும் அல்லர். வில்லியம் சிட்னி போர்ட்டர் என்ற இயற்பெயரோடு டெக்சஸின் ஆஸ்டினில் வங்கிக் காசாளராக இருந்தபோது, 1894இல் ‘ரோலிங் ஸ்டோன்’ என்ற நகைச்சுவை வார இதழை நடத்தினார். உச்சத்தில் 1,500 படிகள் விற்றது. மறு ஆண்டே நின்றது. வங்கிக் கணக்கு வழக்கில் தண்டனை பெற்று 1898 முதல் 1901 வரை ஒஹாயோ சிறையில் இருந்தார். அங்கே இரவு மருந்தாளுநர் வேலை. ஓ. ஹென்றி என்ற பெயர் நிலைபெற்றது அந்தச் சிறையிலிருந்து அனுப்பிய கதைகளில்தான். கூலிக்குப் பதில் சாப்பாடு என்ற கணக்கை அவர் எட்ட நின்று பார்த்தவரல்லர். நகரத்தில் பொருட்படுத்தத்தக்கவர்கள் 400 பேர்தான் என்ற மேட்டுக்குடிப் பேச்சுக்கு எதிராகத்தான் 1906இல் வந்த தொகுப்புக்கு ‘தி ஃபோர் மில்லியன்’ என்று பெயரிட்டார். இந்தக் கதை அதில் இருக்கிறது.

கதையில் மாசு இல்லாமலில்லை. கறுப்பின மனிதரின் தலையைக் குறிவைத்துப் பந்தெறியும் கேளிக்கையை உவமையாக்கும் இடம் வாசிக்கக் கூசுகிறது. நியாயமான விமர்சனம் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம். அந்த இடத்தைக் கட்டுரை தொடவேயில்லை. மகிழ்ச்சியான முடிவு மட்டுமே அதன் கண்ணை உறுத்தியிருக்கிறது.

நோய் இங்கேதான் இருக்கிறது. துயரம் தானாகவே ஆழமுடையது, சிரிப்பு எப்போதும் தன் தகுதியை நிரூபித்தாக வேண்டும் என்ற எண்ணம் நம் விமர்சனத்தில் வேரூன்றிவிட்டது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளும் நகையில் தொடங்கி உவகையில் முடிகின்றன. அழுகை நகைக்கு அடுத்தே நிற்கிறது. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதிய புதுமைப்பித்தன் இதே மொழியில்தான் வாழ்ந்தார். அந்தக் கதையை மேற்கோளாக மட்டும் வைத்துக்கொண்டு, பரிசுக்கும் தொகுப்புக்கும் தேர்வு செய்யும் வேளையில் சாவும் சிதைவும் நிறைந்த கதைகளை மட்டுமே தூக்கிப் பிடிக்கிறோம். சிரிக்கத் தெரிந்த இளைஞர்களின் கதைகள் தேர்வுக் குழுக்களின் மேசையிலேயே தேங்கிவிடுகின்றன.

அடுத்த இரண்டு இதழ்களில் நகைச்சுவைக் கதைகளின் கட்டுமானம் பற்றிய கட்டுரைகளுக்கு இவ்விதழ் பக்கங்களை ஒதுக்குகிறது. மறுப்பவர்களும் எழுதலாம். கதையை வாசித்துவிட்டு எழுத வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.