‘உள்நாட்டு விவகாரம்’ என்பது யாருடைய விவகாரம்?

2023 ஜனவரி 30 அன்று நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்போடு நுழைந்தார்கள். அதுவரை அவர்களைத் தடுத்தது எது? அதன்பின் ஊருக்குள் என்ன மாறியது? நம் பிள்ளை ஒருத்தி இதையே முனைவர் பட்ட ஆய்வாக எடுக்க நினைக்கிறாள் என்று வையுங்கள்.

2021 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் போட்ட உத்தரவு நினைவிருக்கிறதா தோழர்களே? அரசுக் கல்வி நிறுவனங்கள் பன்னாட்டு இணையவழிக் கருத்தரங்கு நடத்த முன்அனுமதி வாங்க வேண்டும். தலைப்பு நாட்டின் பாதுகாப்பு, எல்லை, வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர், லடாக் பற்றி இருக்கக் கூடாது. கடைசியில் ஒரு கொக்கி: இந்தியாவின் ‘உள்நாட்டு விவகாரம்’ எதுவும் கூடாது. அறிவியல் கழகங்களே எதிர்த்தன. பிப்ரவரியில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ஏவுகணை வரைபடத்தைப் பூட்டி வையுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ‘உள்நாட்டு விவகாரம்’ என்ற சொல் நமக்குப் பழக்கமானது. 2001இல் டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவிடாமல் தடுக்க இந்திய அரசு சொன்னதும் அதுதான். ஊர்ப் பஞ்சாயத்திலும் இதையே கேட்கிறோம்: ஊர் விஷயம், வெளியாள் பேசாதே.

உத்தரவு போனாலும் அந்தப் புத்தி போகவில்லை. 2022இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை விதிகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் கிடையாது என்று சேர்த்தார்கள். இதற்குப் பாதுகாப்பைக் காரணம் காட்டவில்லை. அதைப் படிக்க இங்கேயே வசதி உண்டு என்றார்கள். விளைவு ஒன்றுதான். 1916இல், 25 வயதில், கொலம்பியாவில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்த அம்பேத்கர் இன்று விண்ணப்பித்தால் அந்தத் தலைப்புக்குப் பணம் கிடைக்காது.

அறிவியலில் எல்லோருக்கும் பங்குண்டு என்கிறது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவு. இந்தியா 1979இல் அதை ஏற்றது. அறிவியல் என்றால் சமூக அறிவியலும்தான் என்று 2020இல் ஐ.நா. குழு தெளிவாக்கியது. உரிமைக்கு வரம்பு போடலாம். அதைச் சட்டத்தில் எழுதித்தான் போட வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் விதிகளை முழுதாகப் படியுங்கள். தலைப்பைச் சொல்லி நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய்தான்.

ஜெய் பீம்.