மணம் பிடிக்கும் வேலை

கேரளத்தில் விதுரையைத் தாண்டி அகத்தியர் மலைப் பக்கம் ஏறினால் வரும் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் ஆலை ஓடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், லயங்கள் எனப்படும் ஒழுகும் வரிசை வீடுகளில் சம்பளப் பாக்கிக்கும் பணிக்கொடைக்கும் காத்திருந்தே மூப்படைந்தார்கள். இத்தனைக்கும் செயற்கை நுண்ணறிவு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. வேலை போவதற்குக் கருவி வேண்டியதில்லை, கைவிட்ட முதலாளியே போதும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தேயிலைத் தொழிலின் எதிர்காலத்தைப் பேச வேண்டும்.

ஆலையில் நுட்பமான வேலை டீ மேக்கருடையது. வாட்டி, அரைத்து, நொதிக்கப் பரப்பிய இலையை எப்போது உலர்த்தியில் ஏற்றுவது என்பதை அவர் மூக்கு சொல்லும். பச்சை வாடை விலகி மணம் ஒருமுறை எழும், அடங்கும், மறுபடி எழும். அதைப் பிடிப்பதில் சில நிமிடம் பிசகினாலும் தேநீரின் துடிப்பு போய்விடும். கொல்கத்தாவில் சி-டாக் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய மின்னணு மூக்கு இதே மணத்தை வாயு உணரிகளால் பின்தொடர்கிறது. ஆனால் எது நல்ல தேயிலை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவை சுவைப்பவர்கள் இட்ட மதிப்பெண்கள். மழைக்கால இலை வேறு, கோடை இலை வேறு. உணரிகளின் அளவீடும் நாள்பட மாறும். குருவை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சீடன் யாரிடம் திருத்திக்கொள்வான்?

மூக்குக்குச் சளி பிடிக்கும், கருவிக்குப் பிடிக்காது. சீரான தரம் ஏலத்தில் நல்ல விலை தரும், நலிந்த தோட்டமும் பிழைக்கும், கூலியும் ஏறும் என்பார்கள் கருவியை ஆதரிப்பவர்கள். முதல் பாதி சரி. விலை ஏறினால் கூலி ஏறும் என்பதற்கு மட்டும் சாட்சி குறைவு. 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் சாலையில் உட்கார்ந்த பிறகே போனஸ் 20 சதவீதமானது. நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனதும் அந்தப் போராட்டத்துக்குப் பின்புதான். இப்போது கொழுந்தைப் படம்பிடித்துத் தரம் சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. ஈரத்துக்கென எடை கழிப்பதிலேயே சச்சரவு உள்ள இடத்தில், கருவி போடும் கணக்கு கொழுந்து கிள்ளியவர் கண்ணுக்கும் தெரிந்தால் கருவி அவருக்குச் சாட்சி. மேலாளர் திரையில் மட்டும் தெரிந்தால் இன்னொரு கங்காணி. ஆகவே பொதுப்பணத்தில் கருவி வாங்க மானியம் கேட்கும் தோட்டம், பணிக்கொடைப் பாக்கி ஒரு ரூபாயும் இல்லை என்ற சான்றை முதலில் மேசையில் வைக்கட்டும்.