மச்சினன் கையில் கயிறு

சந்தா கட்டி ஒரு சங்கத்தில் சேர்ந்து, அப்புறம் அந்தச் சங்கத்துக்கே கூலியில்லாமல் டியூட்டி பார்ப்பவனைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன? என் மாமனாரிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. இங்கே அச்சடிக்க முடியாது. துறைமுகத்தில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்து ரிடையரானவர். ஓவர்டைமில் பத்து ரூபாய் குறைந்தாலும் யூனியன் ஆபீஸ் வாசலில் போய் நிற்பாராம். அவர் பெற்ற பிள்ளை, அதாவது என் மச்சினன், இங்கிலாந்துக்கு வேலைக்குப் போன இடத்தில் ஸ்கூபா டைவிங் கிளப்பில் சேர்ந்து, ஆறாவது மாதமே, யாரும் கேட்காமல், டியூட்டிப் பட்டியலுக்குப் பேர் கொடுத்துவிட்டான்.

"திருவொற்றியூர்ல இருந்தவரைக்கும் கடல்ல கால் நனைக்க மாட்டான் மாப்ளே. அங்க போயி முங்குறானாம். போதாததுக்கு மத்தவன் முங்குறப்போ காவலுக்கு வேற நிக்கிறானாம்!"

பையனைக் குறை சொல்ல முடியாது. நம்ம பக்கத்துக் கடலில் முங்கி என்னத்தைப் பார்ப்பது? துறைமுகம் வந்ததிலிருந்து மெரினாவில் மணல் சேரச் சேர, ராயபுரம் பக்கம் கடல் அரித்து, கரை பூராவும் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணூர் பக்கம் போனால் சாம்பல். கலங்கின தண்ணீரில் தன் கையைத் தானே தேட வேண்டும்.

அங்கேயும் எல்லாருக்கும் நீலக்கடல் கிடையாதாம். பழைய கல்குவாரியில் தண்ணீர் நிரம்பிய குட்டை, பல்லைக் கிட்ட வைக்கிற குளிர், அதில்தான் பயிற்சி. 1953-ல் ஆரம்பித்த பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்புக்கு ஊரூராய்க் கிளைகள் உண்டு. சொல்லிக் கொடுப்பவர், படகு ஓட்டுபவர், டீ போடுபவர் எல்லாம் பெரும்பாலும் சம்பளமில்லாத உறுப்பினர்கள்தான். இவன் கிளப்பும் அந்த ரகம்.

முதலில் கம்ப்ரஸர் டியூட்டி. முதுகில் மாட்டுவது ஆக்ஸிஜன் என்றுதான் ஊரே நினைக்கிறது. சாதாரணக் காற்று சார்! பஞ்சர் கடையில் கார் டயருக்கு முப்பது பவுண்டு அடிக்கிறார்களே, அதே சமாசாரம். இங்கே 232 பார், பஞ்சர் கடைக் கணக்கில் 3,300 பவுண்டுக்கு மேல். வெடிக்குமோ என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் புகை. கம்ப்ரஸர் காற்றை இழுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எவனாவது வண்டியை ஆஃப் பண்ணாமல் நிறுத்தினால் போச்சு, கார்பன் மோனாக்ஸைடும் சேர்ந்து சிலிண்டருக்குள் போய்விடும். வாசனை கிடையாது. மேலே தெரியாத அளவுகூட ஆழத்தில், அழுத்தம் கூடக் கூட, ஆளைச் சாய்க்கும். அதனால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது நோட்டு டியூட்டி. கரையில் உட்கார்ந்து எழுத வேண்டும். பேர், ஜோடி யார், இறங்கின நேரம், சிலிண்டரில் எவ்வளவு, எப்போது வரணும், எப்போது வந்தார்.

"மாமா, நீங்க படிச்ச பி.காம்.தான். ஓப்பனிங் பாலன்ஸ், க்ளோஸிங் பாலன்ஸ்" என்றான் போனில்.

பி.காம். படித்தவனுக்கு மட்டும் தெரிந்த பேய் ஒன்று உண்டு. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டி, ட்ரையல் பாலன்ஸ் ஜோராக டாலி ஆகிவிடும். காம்பன்ஸேட்டிங் எரர் என்று பேர். 1998 ஜனவரி 25, ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபுக்கு 26 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு படகு போனது. டாம், ஐலீன் லோனர்கன் என்ற அமெரிக்கத் தம்பதி தண்ணீருக்குள் இருக்கும்போதே கிளம்பி வந்துவிட்டது. தலை எண்ணும்போது இரண்டு பேர் மறுபடி தண்ணீரில் குதித்தார்கள், அவர்களையும் சேர்த்துக் கூட்டியதில் 26 வந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். டாலி! இரண்டு நாள் கழித்து, படகில் கேட்பாரில்லாமல் கிடந்த பையைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. தேடினார்கள். அவர்கள் கிடைக்கவேயில்லை. 2003-ல் இதை வைத்து 'ஓப்பன் வாட்டர்' என்று படம்கூட வந்தது.

இதை நான் மச்சினனுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவனே எனக்கு அனுப்பினான்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்த காலத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்குவார், படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் மச்சினனாகத்தான் இருப்பார் என்று சொல்வார்கள். அக்கா தாலியாயிற்றே, அசட்டையாக இருக்க மாட்டான்! நம்மாளுக்கோ நோட்டில் இருக்கும் பன்னிரண்டு வெள்ளைக்காரர்களில் ஒருத்தர்கூடச் சொந்தமில்லை.

மாமனார் மட்டும் என்னவாம்? 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூரில் தார் மாதிரி எண்ணெய் ஒதுங்கியதே, ஞாபகமிருக்கிறதா? உறிஞ்ச வந்த லாரிகள் திணற, கோஸ்ட் கார்டு, மீனவர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லாம் வாளியால் அள்ளினார்கள். இவரும் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் போனார். யாரிடமும் கூலி கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டால், "அது வேற மாப்ளே. அது நம்ம கடலு" என்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிறு. நோட்டில் பன்னிரண்டு பேர் இறங்கியிருக்க, பதினொரு பேர் வந்த நேரம்தான் எழுதியிருக்கிறது. பன்னிரண்டாவது ஆளின் ஜோடி, "என்கூடத்தான் ஏறினான், இந்தப் பக்கமாகப் போனான்" என்கிறார். நம்ம பையன் டிக் போடவில்லை. ஆளைக் கண்ணால் பார்க்காமல் போட மாட்டேன் என்று விட்டான். இருட்டப் போகிறது, குளிர் வேறு, ஆளாளுக்கு முணுமுணுப்பு. கடைசியில் இரண்டு பேரை மறுபடி இறக்கிவிடலாம் என்று சிலிண்டரை மாட்டும்போது, கார் நிறுத்துமிடத்தில் ஒரு வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டாவது ஆசாமி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாராம்.

மச்சினன் அவருக்குப் புரிய வேண்டுமே என்றெல்லாம் பார்க்கவில்லை. சுத்தமான ராயபுரம் தமிழில் விட்டான். புரிந்துவிட்டது போலிருக்கிறது. மனுஷன் பேசாமல் வந்து நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அடுத்த மாதமும் நோட்டு டியூட்டி இவனுக்கேயாம். மாமனாரிடம் முழுசும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "லேட்டான நேரத்துக்குப் பேட்டா ஏதாச்சும் குடுத்தானுங்களான்னு கேளுங்க மாப்ளே" என்றார்.