வள்ளல் கொடுத்தாரா? வாக்கு கொடுத்ததா?

"எம்.ஜி.ஆரைப் போல ஒரு வள்ளல் இனி பிறக்கப் போவதில்லை!" திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் முதல் காதர்பேட்டை வியாபாரி வரை இப்படிச் சொல்பவர்கள் உண்டு. சினிமாவிலிருந்து யார் கட்சி தொடங்கினாலும், "அடுத்த எம்.ஜி.ஆர். இவர்தான்" என்று நம் இளைஞர்களும் கொடி பிடிக்கக் கிளம்பி விடுகிறார்கள். ஆகவே அந்த வள்ளலின் பற்று வரவை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

வரவு என்ன?

1917ல் இலங்கையின் கண்டிப் பகுதியில் பிறந்தார். சிறு வயதில் தந்தையை இழந்து, வறுமையில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1936ல் முதல் படம். 1972ல் கட்சிக் கணக்கைக் கேட்டதற்காக தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். தனிக்கட்சி கண்டு, 1977ல் முதலமைச்சரானார். காமராஜர் தொடங்கிய மதிய உணவை 1982ல் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பசி அறிந்தவர் செய்த நல்ல காரியம் அது. யாரும் மறுக்க முடியாது.

சொந்தப் பணத்தில் கொடுத்ததை ஈகை என்று சொல்லுங்கள், ஏற்கிறோம். அரசுப் பணத்தில் கொடுத்தது யாருடைய ஈகை? தீப்பெட்டி வாங்கும் ஏழையும், கடை நடத்தும் வியாபாரியும் கட்டிய வரியல்லவா அது!

பற்று என்ன?

1971ல் மதுவிலக்கைத் தளர்த்தியவர் கருணாநிதி. பிறகு அவரே கடைகளை மூடினார். ஆட்சியின் தொடக்கத்தில் மதுவிலக்கைக் கடுமையாக்கிய எம்.ஜி.ஆர்., 1981ல் கள், சாராயக் கடைகளை மீண்டும் திறந்தார். 1983ல் டாஸ்மாக் நிறுவனம் உருவானதும் அவர் ஆட்சியில்தான். 2003ல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அதனிடமே ஒப்படைத்தார். பிள்ளைக்குச் சோறு போட்ட அதே அரசு, தகப்பனுக்குச் சாராயத்தையும் ஊற்றியது! சனிக்கிழமை சம்பளம் வாங்கும் பனியன் தொழிலாளியின் கூலியில் எவ்வளவு வீடு போய்ச் சேருகிறது என்று அவன் மனைவியிடம் கேளுங்கள். வள்ளல் தன்மையின் மறுபக்கத்தை அவள் சொல்வாள்.

உரிமையா, பிச்சையா?

"இடஒதுக்கீட்டை உயர்த்தியவர் அவர்தானே?" என்று கேட்கிறார்கள். முழுக்கதையையும் கேளுங்கள். 1979ல் பிற்படுத்தப்பட்டோருக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு விதித்து ஆணை போட்டார். மாதம் 750 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கும் சிறு வியாபாரியின் மகனுக்கும் சலுகை இல்லை! பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த லெப்பை, மாப்பிள்ளை போன்ற முஸ்லிம் பிரிவினருக்கும் சேர்த்து விழுந்த அடி அது. எதிர்ப்புக் கிளம்பியது. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் 39 தொகுதிகளில் இரண்டை மட்டுமே அவர் கட்சி வென்றது. தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் தோற்ற கையோடு வரம்பு ரத்தானது. 31 சதவீதம் 50 சதவீதமாக உயர்ந்தது!

சகோதரர்களே, சிந்தியுங்கள்! மனம் இரங்கியா கொடுத்தார்? 1979ல் இரங்காத மனம் 1980ல் எப்படி இரங்கியது? வாக்குச் சீட்டு பேசியது, ஆணை மாறியது. நாம் பெற்றது வள்ளலின் கொடை அல்ல, மக்களின் தீர்ப்பு!

1984 தேர்தலின்போது அவர் அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தார். அப்போதும் ஆண்டிபட்டியில் வென்றார். அங்கே யார் கேள்வி கேட்டிருக்க முடியும்? 1987 டிசம்பர் 24ல் அவர் மறைந்தார். ஆனால் கேள்வி கேட்காமல் ஓட்டுப் போடும் பழக்கம் மறையவில்லை.

கணக்குக் கேட்டதால் தலைவரானவர் எம்.ஜி.ஆர். அவர் பெயரைச் சொல்லி வருபவர்களிடம் கணக்குக் கேட்க நமக்கு மட்டும் ஏன் தயக்கம்? நூல் வாங்கும்போது கவுண்ட் பார்க்கிறோம், எடை பார்க்கிறோம், பில் கேட்கிறோம். ஐந்தாண்டு ஆட்சியை மட்டும் முகத்தைப் பார்த்துக் கொடுக்கலாமா? உங்கள் வீதிக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இடஒதுக்கீடு பற்றியும் மதுக்கடை பற்றியும் எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் தராதவருக்கு உங்கள் தோளும் வேண்டாம், ஓட்டும் வேண்டாம்!