இல்லாத ஊரும் முயல் கொம்பும்



சென்ற இதழுக்குப் பிறகு நமக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர் பெகு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிள்ளைகளோடு வெளியேறி, இப்போது நம்மைப் போலவே ஷ்வேப்யிதாவில் வாடகை அறையில் இருக்கும் ஒரு தாயார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். இரவில் விளக்கை அணைத்த பிறகு பிள்ளைகளுக்கு ஊர்க்கதை சொல்வது அவருடைய வழக்கம். "நம்ம ஊர்ல கோயில் பக்கத்துல கிணறு இருக்கு, களத்துமேடு இருக்கு, வரப்புல பெரிய புளியமரம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போவாராம். ஒரு நாள் பத்து வயது மகன் இருட்டிலேயே கேட்டானாம்: "இல்லாத ஊரைப் பத்தி ஏம்மா பேசுற?" ஊர் எரிந்துபோனது அவனுக்கும் தெரியும். "என்னிடம் பதில் இல்லை. இல்லாததைப் பற்றிப் பேசுவது பைத்தியக்காரத்தனமா? நீங்கள் எழுதுங்கள்" என்று முடித்திருக்கிறார் அந்த அக்கா.

நாம் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனவர்கள். தத்துவம் பேச உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனாலும் அந்தப் பையன் கேட்டது நம்மில் பலர் வீட்டில் கேட்கப்படுகிற கேள்வி. தெரிந்த மட்டில் எழுதுகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'முயற்கொம்பு' என்ற சொல் வந்தது. கிடைக்கவே கிடைக்காத பொருள் என்று விளக்கம் சொன்னோம். ஒரு சிறுமி நோட்டின் ஓரத்தில் முயல் வரைந்து, தலையில் இரண்டு கொம்பும் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். "இல்லாததை எப்படிம்மா வரைஞ்சே?" என்று கேட்டோம். "முயலைப் பார்த்திருக்கேன். மாட்டுக் கொம்பையும் பார்த்திருக்கேன்" என்றாள்.

அவள் சொன்னதற்கு மேல் பெரிய பதில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இல்லாததை நாம் வெட்டவெளியிலிருந்து நினைப்பதில்லை. உள்ளதை வெட்டி ஒட்டித்தான் நினைக்கிறோம். நம் இலக்கணக்காரர்கள் இதை மதித்து 'இல்பொருள் உவமை' என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். நெஞ்சில் அன்பில்லாதவனுடைய வாழ்க்கை, பாலை நிலத்தில் பட்டுப்போன மரம் துளிர்ப்பது போல என்று வள்ளுவர் 78ஆம் குறளில் சொல்வதை அதற்குக் காட்டுவார்கள். அப்படித் துளிர்த்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனால் கேட்டவுடன் விளங்குகிறது.

உ.வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த மணிமேகலையிலும் இந்த விஷயம் வருகிறது. கடைசிக் காதையான 30ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தருமத்தை விளக்குகிறார். அங்கே மனிதர் பேச்சை உள்வழக்கு, இல்வழக்கு என்று பிரித்து, இல்வழக்குக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இதே முயல் கொம்புதான். தமிழில் உள்ள அந்தப் பௌத்தக் காப்பியத்தை, ஊரெல்லாம் பகோடா மணி கேட்கும் நாட்டில் உட்கார்ந்து படிப்பதில் நமக்கு ஒரு தனிச் சந்தோஷம். அது கிடக்கட்டும்.

தருக்கம் படித்த பெரியவர்கள் இன்மையிலும் வகை பார்த்தார்கள். குயவன் வனைவதற்கு முன்னால் குடம் இல்லை. உடைத்த பின்னாலும் குடம் இல்லை. இரண்டும் ஒரே 'இல்லை'யா? ஒன்று இனிமேல் வரக்கூடியது, மற்றது வந்து போனது. முயல் கொம்பு என்றைக்குமே இல்லாதது. நாலாவதாக, குடம் துணி அல்ல என்பதுபோல, ஒன்று இன்னொன்றாக இல்லாத இன்மை.

இந்த நாலாவதற்குத் தமிழில் 'அல்ல' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பர்மியிலும் அப்படித்தான். சந்தையில் கடைக்காரம்மா "ஆலூ மஷிபூ" என்றால் உருளைக்கிழங்கு இல்லை என்று அர்த்தம். கருணைக்கிழங்கைக் காட்டி இது ஆலூவா என்று கேட்டால் "மஹோபூ" என்பார், அதாவது அல்ல. பர்மியர் பேச்சில் இந்த இரண்டும் கலப்பதில்லை. நாம்தான் "அவன் டாக்டர் இல்லை", "இது என் சட்டை இல்லை" என்று எல்லாவற்றையும் ஒரே 'இல்லை'யில் போட்டுக் குழப்பிவிட்டோம்.

மண்டலைக்குப் போனவர்களுக்கு அங்குள்ள அரண்மனை தெரியும். கடைசி மன்னர் திபோவை 1885 நவம்பரில் வெள்ளைக்காரர்கள் பிடித்து, முதலில் நம் சென்னைக்கும் பிறகு ரத்னகிரிக்கும் கொண்டுபோனார்கள். 1916இல் அவர் அங்கேயே இறந்தார். அவர் விட்டுப்போன அரண்மனை 1945இல், யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்தது. 1989க்குப் பிறகு அதே இடத்தில் அதே மாதிரி திரும்பக் கட்டினார்கள். பார்க்கப் போகிறவர்கள் "திபோவின் அரண்மனை" என்கிறார்கள். திபோவின் அரண்மனை இல்லை. நிற்பது அது அல்ல. அடுத்த வாக்கியத்தைப் பாருங்கள்: "மண்டலை அரண்மனையில் இன்று ஆளும் மன்னருக்குத் தலை வழுக்கை." இது மெய்யா பொய்யா? வழுக்கை இல்லை என்றால் தலை நிறைய முடியோடு ஒரு மன்னர் இருக்கிறார் என்று ஆகிவிடுமே! இங்கிலாந்தில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் பிரான்ஸ் மன்னரை வைத்து 1905இல் இதே கணக்கைப் போட்டார். அவர் சொன்னது, அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு பேச்சு ஒளிந்திருக்கிறது: மன்னர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு வழுக்கை. முதல் பேச்சே பொய், ஆகவே முழுதும் பொய். தலையைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை.

இதைப் படித்தபோது நமக்கு நம் தையல் லைன்தான் நினைவுக்கு வந்தது. கார்மெண்ட் வேலை செய்கிற சகோதரிகளுக்குத் தெரியும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி. ஒட்டிய துண்டுகளைச் சேர்த்து வைத்தால் முழு ஊசி வர வேண்டும். நுனி மட்டும் குறைந்தால் வேலை நின்றுவிடும். மெஷினுக்கு அடியில் காந்தம் விட்டுத் தேடுவார்கள், துணிகளை உதறுவார்கள், தைத்த உருப்படிகளை எல்லாம் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் விடுவார்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை அந்தச் சட்டையைப் போடப் போகிறது அல்லவா? அத்தனை பேரும் ஓடி ஓடித் தேடுவது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை. ஆனால் அதன் நீளம், தடிமன், முனை எல்லாம் நமக்குத் தெரியும், மீதித் துண்டு கையில் இருக்கிறதே. அந்த நுனி இல்லாதது அல்ல, காணாதது. ஊர் விஷயத்தில் சில பெரியவர்கள் இந்த இரண்டையும் குழப்பி, எங்கோ தொலைத்ததைத் திரும்ப எடுத்துவிடலாம் என்பதுபோல் பேசுகிறார்கள். அது பிள்ளைகளுக்கு நல்லதாக நமக்குப் படவில்லை.

இனி பணத்துக்கு வருகிறோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1985 நவம்பரில் 100 கியாட் நோட்டைச் செல்லாததாக்கி, 75 கியாட் நோட்டு போட்டார்கள். நே வின்னின் 75ஆவது வயதை ஒட்டி அந்தத் தொகை வந்தது என்று சொல்வார்கள். அந்த முறை பழைய பணத்தை ஓரளவுக்காவது மாற்றிக் கொடுத்தார்கள். 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் மூன்றும் செல்லாது என்று அறிவித்தபோது அதுவும் கிடையாது. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் போயிற்று. அதே மாதத்தில் 45, 90 என்று புது நோட்டுகள் வந்தன, இரண்டும் ஒன்பதால் வகுபடும் எண்கள். 45இல் இருந்தவர் 1938ஆம் ஆண்டு எண்ணெய் வயல் வேலைநிறுத்தத்தை நடத்திய தக்கின் போ லா ஜீ. 90இல் இருந்தவர் விவசாயிகள் கிளர்ச்சிக்காக 1931இல் தூக்கிலிடப்பட்ட சாயா சான். தொழிலாளிக்கும் விவசாயிக்கும் படத்தில் நல்ல மரியாதைதான்.

நம்மில் முப்பது சொச்சம் வயதுக்காரர்கள் அப்போது பிறக்கவில்லை. நம் பெற்றோர் சொல்லித்தான் தெரியும். நெல் விற்ற பணம், கல்யாணத்துக்கு வைத்த பணம், தலையணை உறைக்குள் தைத்து வைத்த பணம். எலி கடிக்கவில்லை, தீப்பிடிக்கவில்லை, திருடன் வரவில்லை. தாள் தாளாகவே இருந்தது. எண்ணிப் பார்த்தால் நேற்று இருந்த அதே எண்ணிக்கை. அப்படியானால் போனது எது? முயல் கொம்பு போல என்றைக்கும் இல்லாதது என்று சொல்ல முடியாது, முந்தின நாள் அதைக் கொடுத்து அரிசி வாங்கியிருக்கிறார்கள். குடம் போல உடைந்தது என்றும் சொல்ல முடியாது. பத்துப் பேர் ஒப்புக்கொண்ட பேச்சில் உண்டாகி, ஒரு அறிவிப்பில் அழிந்த பொருள் அது. இன்று அந்த நோட்டுகளைப் பழம்பொருளாக விற்கிறார்கள். பணமாக இல்லாதது படமாக விலைபோகிறது.

ஆகவே பேச்சு என்பது இருப்பதைக் காட்டுவதோடு நிற்பதில்லை. சிலவற்றை இருக்கவும் வைக்கிறது. பணம் அப்படி, எல்லைக்கோடு அப்படி, பட்டியல் அப்படி. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1823க்கு முன்பே இங்கு குடியிருந்த இனங்களைத் தனியாக வைக்கிறது. அரசுக் கணக்கில் இந்நாட்டு இனங்கள் 135. அதில் தமிழர் என்ற பெயர் இல்லை. நம் பாட்டன்மார் பெரும்பாலும் அதற்குப் பின்னால், வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள். முயல் கொம்புக்குச் சொல் இருக்கிறது, பொருள் இல்லை. நாம் இருக்கிறோம், பட்டியலில் சொல் இல்லை. இதற்கு அறவண அடிகள் எந்த வழக்கு என்று பெயர் வைப்பாரோ தெரியாது. ஷ்வேப்யிதா என்றாலே பொன்னான இன்ப நாடு என்று பொருள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம், வேறொன்றும் சொல்லவில்லை.

அக்காவுக்கு நம் பதில் இதுதான். நீங்கள் பேசுவது பைத்தியக்காரத்தனம் அல்ல. ஆனால் உங்கள் மகன் கேட்டதும் தப்பில்லை. "கிணறு இருக்கு" என்று சொன்னீர்கள். அது பொய் என்று அவனுக்குத் தெரிந்தது, கேட்டுவிட்டான். "கிணறு இருந்துச்சு" என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டான் என்று நினைக்கிறோம். இருந்ததை இருந்தது என்று சொல்லுங்கள். ஆசையில் சேர்த்ததைச் சேர்க்காதீர்கள். உடைந்த குடத்தோடு முயல் கொம்பையும் கலந்து கொடுத்தால், பெரியவனான பிறகு அவன் இரண்டையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவான்.

இதை எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்த ஊரிலிருந்து வந்த மூன்று குடும்பங்களை ஒன்றாக உட்காரவைத்தோம். அந்தப் பையன் ஒரு பெரிய தாளில் ஊரின் படம் வரைவதாக ஏற்பாடு. கோயில் வரைந்தான். கிணறு கோயிலுக்குக் கிழக்கே என்றார் ஒரு மாமா. வடக்கே என்றார் அவருடைய தம்பி. அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில், காலையில் தண்ணீர் சேந்தும்போது வெயில் முகத்தில் அடித்ததா முதுகில் அடித்ததா என்று ஒரு பெரியம்மா கேட்டு முடித்துவைத்தார். கிழக்கே என்று தீர்ந்தது.

அடுத்தது வரப்பில் நின்ற புளியமரம். அந்தப் பெரியம்மா அக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அந்த மரம் நீ பொறக்கறதுக்கு முந்தியே காத்துல சாஞ்சிடுச்சேம்மா. உங்க அம்மா சொல்லியிருப்பா" என்றார்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. "அப்ப நீயும் பார்க்கலையாம்மா?" என்றான் பையன். பிறகு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, மரத்தைப் போடுவதா வேண்டாமா என்று எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.